வண்டி கிளம்பாமை: ஒரு தருக்க விசாரணை

ஜெர்மனியில் 1950 முதல் உற்பத்தியாகிய, காற்றால் குளிரும் எஞ்சினைப் பின்புறத்தே சுமந்த வோக்ஸ்வாகன் வேன் ஒன்று, காயலான் கடையினின்று மீட்கப்பெற்று, பிஸ்டனும் ரிங்கும் புதிதாகப் பூட்டப்பெற்ற பின்னரும், சாவியைத் திருப்பியவுடன் கிளம்பாமல் கார்ப்புரேட்டர் வழியே வெடித்துப் புகை கக்குமாயின், அதன் காரணம் யாது என்னும் வினா, பிரம்மம் ஒன்றா பலவா என்பதன் பழமையுடையதன்று எனினும், கூடிநிற்போரிடையே மூட்டும் கலகத்தில் அதற்குச் சற்றும் இளைத்ததன்று.

இதுபற்றி மூன்று மதங்கள் உள. பெட்ரோல்வாதிகள், எஞ்சின் மறுபிறவி எடுத்தாலும் டாங்கியின் துருவாகிய பூர்வஜன்ம கர்மம் ஜெட்டில் வந்து அடைத்தே தீரும் என்பர். கரண்டுவாதிகள், பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டராதலே சகல சித்திக்கும் மூலம் என்பர். வால்வுவாதிகள், குளிர்ந்த எஞ்சினில் 0.15 மில்லிமீட்டர் இடைவெளி விடாதார்க்குக் கம்ப்ரெஷனும் இல்லை, மோட்சமும் இல்லை என்பர். இம்மூன்றிலும் சேராது, "தள்ளிப் பார்க்கலாமே" என்போர் எவ்வூரிலும் பெரும்பான்மையினராதலின், அவர்களை மதம் என்னாது சமுதாயம் என்றே கொள்க.

புகையுள்ள இடத்தில் நெருப்புண்டு என்பதை அன்னம்பட்டர் தம் தருக்க சங்கிரகத்தில் மலையையும் அடுக்களையையும் காட்டி நிறுவினார். அவர் வேன் வைத்திருந்தவரல்லர். ஈண்டுப் புகையும் உண்டு, நெருப்பும் உண்டு, ஓட்டந்தான் இல்லை. ஆகவே குறை நெருப்பின் இன்மையன்று, அதன் அகாலமேயாம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இருமுறை சுற்றுவதற்குள் முதற் பிஸ்டன் இருமுறை உச்சியேறுகிறது: கலவையை அழுத்த ஒருமுறை, எரிந்த புகையை வெளியேற்ற ஒருமுறை. புல்லியின் குறியோ இவ்விரண்டிற்கும் பேதங்காணாத அத்வைதி. அதனை நம்பி, டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் தண்டை இரண்டாம் உச்சியில் இறக்கினால், பொறி 180 பாகை பிறழ்ந்து, உள்வால்வு திறக்கும் வேளையிற் பாய, நெருப்பு கலவை வந்த வழியே திரும்புகிறது.

வயர் வரிசையிலும் பாடபேதம் உண்டு. நேர்வரிசை எஞ்சினிற் பழகிய கை பெரும்பாலும் 1-3-4-2 என்றே ஓதும். வோக்ஸ்வாகனின் மூலபாடம் 1-4-3-2. இடைச்செருகலை ஏற்ற எஞ்சின் இரு சிலிண்டர்களில் வாழ்ந்து, இரு சிலிண்டர்களில் வெடிக்கும்.

சித்தாந்தம் வருமாறு: முதற் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையைக் கட்டைவிரலால் அடைத்துக் கிராங்கைக் கையாற் சுற்றுக. காற்று விரலை எற்றித் தள்ளியபின் எய்தும் உச்சியே மெய்யுச்சி. அப்போது ரோட்டர் முதல் வயருக்குப் புறங்காட்டுமாயின், தண்டைத் திருப்பி இறக்குக. நியாய சூத்திரத்தில் கௌதமர் நான்கு பிரமாணங்களுள் பிரத்தியட்சத்தை முதலில் வைத்ததன் நியாயம் அக்கணமே விளங்கும்.

வண்டி கிளம்பியதும் மூன்று மதத்தாரும் தத்தம் கொள்கையே வென்றதாகவும், சமுதாயத்தார் தாம் தள்ளியதே காரணமெனவும் சாதிப்பர். அதனை மறுத்தல் இவ்வாராய்ச்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அடுத்தமுறை தள்ளுதற்கும் அவர்களே வேண்டும்.