லண்டன் பார்க்கிங் புராணம்

லண்டனில் வண்டி நிறுத்தும் விஷயத்தில் கைவைத்தவர் எவரும் நிம்மதியாக இருந்ததில்லை. முதல் பலி ஒரு மன்னர்.

1634-இல் கேப்டன் பெய்லி என்றொரு பழைய கடலோடி நாலு குதிரை வண்டிகளைப் பிடித்து, வண்டிக்காரர்களுக்குச் சீருடை மாட்டி, இன்ன இடத்துக்கு இன்ன கூலி என்று பேசி, ஸ்ட்ராண்ட் தெருவில் மேபோல் கம்பத்தடியில் நிறுத்திவைத்தார். லண்டனுக்கு ஒரு வண்டி ஸ்டாண்டு கிடைத்தது. மற்ற வண்டிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் அதே கம்பத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே முதலாம் சார்லஸ் மன்னர், தெருவெல்லாம் அடைத்துக்கொள்கிறது என்று வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடு போட்டார். 1649-இல் அவர் தலையையே எடுத்துவிட்டார்கள். காரணம் வேறு என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்வார்கள். அவர்கள் லண்டனில் கார் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் மோட்டார் வந்தது. 1901 மே மாதம் பிக்காடிலிக்குப் பக்கத்தில் டென்மன் தெருவில் ஏழு மாடியில் ஒரு கார் நிறுத்தம் திறந்தார்கள். நூறு வண்டிகள் நிற்கலாம், மேலே ஏற்ற லிஃப்ட் உண்டு. இன்னொரு விசேஷம், கட்டியது மின்சாரக் கார் கம்பெனி. ஆமாம், 1901-இல்தான். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் சுமார் 40 மைல் ஓடும். துரை சொல்லியனுப்பினால் துடைத்து மெருகேற்றி வாசலுக்கே கொண்டுவந்து விடுவார்கள். ஆகவே 'இடம் காலியா?' என்ற கேள்வியே துரைக்குத் தெரியாது. அது சாமானியன் கார் வாங்கிய பிறகு பிறந்த கேள்வி.

அந்தச் சாமானியனுக்கு முதல் உபகாரம் செய்தவர் ஹிட்லர். அவருடைய விமானங்கள் குண்டு போட்டு நகரத்தின் நடுவில் ஏகப்பட்ட காலி மனைகளை உண்டாக்கிக் கொடுத்தன. 1948-இல் ரொனால்ட் ஹாப்சன், டொனால்ட் கோஸ்லிங் என்ற இருவர் ஹோல்போர்னில் ரெட் லயன் சதுக்கத்தருகே அப்படி ஒரு குண்டுக் குழியை 200 பவுனுக்கு வாங்கிக் கார் நிறுத்தமாக்கினார்கள். 'இடமிருக்கு', 'இடமில்லை' என்று வாசலில் நின்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் போதும், தொழில் நடக்கும். இன்றைய நிறுத்தங்களில் சென்சார்கள் சொல்வதும் அந்த இரண்டு சேதியைத்தான். தொழில் வளர்ந்து நேஷனல் கார் பார்க்ஸ் ஆயிற்று. 1998-இல் விற்ற விலை 80 கோடி பவுனுக்குமேல். வெறும் தரையை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டவர்களைப் பார்த்து, மாங்கு மாங்கென்று படித்தவர்கள் பெருமூச்சு விடலாம்.

1958 ஜூலையில் மேஃபேரில் பார்க்கிங் மீட்டர் நட்டார்கள், மணிக்கு ஆறு பென்ஸ். 1960-இல் அபராதச் சீட்டு எழுத வார்டன்கள் இறங்கினார்கள். முதல் சீட்டு யாருக்குத் தெரியுமா? மாரடைப்பு வந்த ஒருவரைக் காப்பாற்ற ஓட்டலுக்குள் ஓடிய டாக்டருக்கு. ஊரே காறித் துப்பியதும் அபராதத்தைத் தள்ளுபடி செய்தார்கள்.

அப்போது போக்குவரத்து அமைச்சர் எர்னஸ்ட் மார்பிள்ஸ். 1962-இல் பார்க் லேன் ஓரமாக ஹைட் பார்க்கைத் தோண்டி, ஆயிரம் கார்களுக்கு மேல் நிற்கும் நிலவறை ஒன்றைத் திறந்துவைத்தார். நன்றி மறவாத மக்கள் நெடுஞ்சாலைப் பாலத்தில் 'மார்பிள்ஸ் ஒழிக' என்ற பொருளில் எழுதிவைத்தார்கள். 1975-இல் அவரே ஒழிந்துபோனார்: வரி பாக்கிக்குப் பயந்து இரவோடிரவாக மொனாக்கோவுக்கு. நாட்டுக்கு நெடுஞ்சாலை போட்ட மனுஷன் தப்பிப் போனது ரயிலில்.

ஆனால் இந்தப் புராணத்தின் உச்சக் காட்சி லண்டனின் உல்விச் வட்டாரத்தில். அங்கே எம்பயர் என்றொரு நாடகக் கொட்டகை இருந்தது. அதை இடித்துவிட்டு 'ஆட்டோஸ்டாக்கர்' கட்டினார்கள். ஒரு லட்சம் பவுன் செலவு, 256 கார்கள் கொள்ளும். நீங்கள் காரைக் கீழே விட்டுவிட்டு இறங்கிப் போய்விடலாம். லிஃப்டும் நகரும் பட்டையும் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு போய் காலியான பொந்தில் செருகிவிட்டு வரும். இடம் தேடும் வேலை இனி மனிதனுக்கு இல்லை, மெஷினுக்கு. 1961 மே மாதம் திறப்பு விழா. வந்தவர் சாட்சாத் இளவரசி மார்கரெட். அரச குடும்பம், நகரசபைப் பெரியவர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மெஷின் மக்கர் பண்ணியது.

மறுநாள் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. பொதுமக்கள் கார் ஒன்றுகூட நிற்காமலே கொஞ்ச காலத்தில் அதையும் இடித்துவிட்டார்கள். கொட்டகை போனாலும் நாடகம் நடந்துவிட்டது.

இவ்வளவு பட்ட பிறகுதான் மண்டையில் உறைத்தது: காரைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம், இடம் எங்கே என்று சொன்னால் போதும், ஓட்டுகிறவன் தானே போய்க்கொள்வான். தி.நகரில் விசில் ஊதி 'வா, வா, லெஃப்ட்ல ஒடி' என்கிற அண்ணனுக்கு இது பரம்பரை ஞானம். ஜெர்மனியில் ஆகன் நகரம் 1970-களின் தொடக்கத்திலேயே, எந்த நிறுத்தத்தில் இடம் இருக்கிறது என்று தெருமுனையில் பலகை வைத்துவிட்டது.

இந்தப் பலகைக்குப் பின்னால் பெரிய மாயம் கிடையாது. வாசலில் தார் ரோட்டுக்கு அடியில் ஒரு கம்பிச் சுருள். கார் மேலே ஏறினால் அதன் காந்தப்புலம் மாறும். உள்ளே போனால் ஒன்று கழி, வெளியே வந்தால் ஒன்று கூட்டு. சிக்கல், தப்பு சேர்ந்துகொண்டே போவது. டிரெய்லரோடு வருபவர் இரண்டு காராகிவிடுவார், பாதி நுழைந்து பின்வாங்குபவர் உள்ளேயே தங்கிவிட்டதாகக் கணக்கு. ஒரு வாரம் விட்டால் காலி மைதானத்துக்கு 'நிரம்பிவிட்டது' என்று பலகை சாதிக்கும். ஆகவே அவ்வப்போது யாராவது கால்நடையாகப் போய் எண்ணித் திருத்தவேண்டும். பிறகுதான் ஒவ்வொரு இடத்துக்கும் மேலே ஓர் உணரியைத் தொங்கவிட்டார்கள்: காலி என்றால் பச்சை, கார் நின்றால் சிவப்பு.

ஹீத்ரோ விமான நிலையத்தின் டெர்மினல் 5-க்கு இதையெல்லாம் வாங்கினார்கள். கிட்டத்தட்ட 4,000 கார்கள் நிற்கும் நிறுத்தம், காலி இடத்துக்கு வழிகாட்டும் விளக்குகள். டெர்மினலின் மொத்தச் செலவு 430 கோடி பவுன். 2008 மார்ச் 27 காலை திறந்தார்கள். பயணிகள் வந்தார்கள், விமானங்கள் வந்தன, பெட்டிகள் வந்தன. பெட்டி தூக்கவேண்டிய ஊழியர்கள் வரவில்லை. எங்கே? தங்கள் காரை நிறுத்த இடம் தேடி வெளியே சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஜோக் அடிக்கவில்லை. நாடாளுமன்றக் குழு வரைக்கும் போன சங்கதி இது. வேறு கோளாறுகளும் சேர்ந்துகொண்டு அன்றைக்கு மட்டும் 34 விமானங்கள் ரத்து. பத்து நாளில் 42,000 பெட்டிகள் சொந்தக்காரரை விட்டுப் பிரிந்தன. பச்சை விளக்கு பயணிக்கு, வழி தெரியாத தெரு தொழிலாளிக்கு. என் தீர்ப்பு, உல்விச்சைவிட இதுதான் பெரிய நாடகம், இளவரசிதான் மிஸ்ஸிங்.

2014 வாக்கில் வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை தெரு நிறுத்தங்களிலேயே சென்சாரைப் புதைத்து, காலி இடத்தை போனில் காட்டியது. நல்ல காரியம்தான். ஆனால் சோஹோவில் காலியாகும் ஒரே இடம் உங்களுக்கு மட்டுமா தெரியும்? அதே போன் எல்லார் கையிலும் இருக்கிறதே.

ஊரிலிருந்து வரும் அத்தையையும் அவருடைய ஊறுகாய்ப் பெட்டியையும் அழைத்துவர டெர்மினல் 5-க்குப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பிக்காடிலி லைன் ரயிலில் போங்கள். அங்கே அதுதான் கடைசி ஸ்டேஷன். வண்டியை நிறுத்த இடம் கண்டுபிடிப்பது டிரைவர் பாடு.