தேதி இலாகா

எங்கள் வீட்டு மந்திரிசபையில் நிதி மனைவியிடம், உணவு மனைவியிடம், உள்துறையும் அவளிடமே. எனக்கு மிஞ்சியது தேதி இலாகா. இன்ஷூரன்ஸ், லைசென்ஸ், வீட்டு வரி, பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்று என்று எது எப்போது முடிகிறது என்பதைத் தினசரி காலண்டர் அட்டையின் பின்புறம் பென்சிலால் எழுதி வைப்பேன். வருடம் முடிந்ததும் அந்த அட்டையை மனைவி அலமாரித் தட்டில் விரித்துவிடுவாள். ஆகவே இலாகாவின் ஆவணக் காப்பகம் முழுவதும் எவர்சில்வர் டப்பாக்களுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

கறம்பக்குடி வீட்டு மாடியறையில் உட்கார்ந்து மருமகள் சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். எங்கெங்கோ இருக்கும் சர்வர்களை ஒரே மென்பொருள் வழியாகக் கண்காணிக்கும் வேலை. எது தூங்குகிறது, எதற்குச் சூடு ஏறுகிறது என்று அது சொல்லிவிடும். அந்த மென்பொருள் கண்காணிப்பாளருக்கே இரண்டு சான்று வேண்டுமாம். ஒன்று லைசென்ஸ்: இத்தனை சர்வர்களை இந்தத் தேதிவரை கவனிக்கலாம் என்ற அனுமதி. பல லைசென்ஸ்கள் குறிப்பிட்ட கணினியின் அடையாளத்தோடு கட்டிப்போட்டவை; வேறு கணினியில் ஏற்றினால் உயிர் பெறாது. ரேஷன் கடையில் கார்டு இருந்தும் கைரேகை விழாவிட்டால் முழிப்போமே, அதே கதைதான். மற்றொன்று சர்ட்டிபிகேட்: 'நீ பேசுவது அசல் சர்வரோடுதான்' என்று மூன்றாவது ஆள் கையெழுத்திட்டுத் தருவது. தேதி தாண்டிவிட்டால், நேற்றுவரை சிரித்த பிரவுசர் இன்று 'ஆபத்து' என்று அலறும்.

தேதி என்ற சொல் காதில் விழுந்ததும் மாடியேறினேன். என் துறை அல்லவா?

"வருஷா வருஷம் எதுக்கும்மா புதுப்பிச்சுக்கிட்டு? பேசாம பத்து வருஷத்துக்கு வாங்கிப் போட்டுரு. அலைச்சல் மிச்சம்" என்று ஆலோசனை வழங்கினேன்.

"அய்யோ மாமா, உலகமே எதிர்ப்பக்கமாப் போகுது" என்றாள்.

முன்பு சில வருடங்களுக்குச் செல்லுபடியான இணையச் சான்றுக்கு 2020 செப்டம்பரிலிருந்து 398 நாள்தான் ஆயுள் என்றானது. பிரவுசர் நிறுவனங்களும் சான்று வழங்குவோரும் 2025 ஏப்ரலில் ஓட்டுப் போட்டு அதையும் நறுக்கினார்கள். 2026 மார்ச்சில் 200 நாள், 2027 மார்ச்சில் 100, 2029 மார்ச்சில் வெறும் 47. இலவசமாக 90 நாள் சான்று தரும் லெட்ஸ் என்கிரிப்ட், 'முடியப்போகிறது' என்று மின்னஞ்சல் அனுப்புவதைக்கூட 2025 ஜூனில் நிறுத்திவிட்டது.

"நாளைக் குறைச்சா மறதி அதிகமாகாதா?"

"இல்ல மாமா. சான்றோட ரகசியச் சாவி திருட்டுப் போனாலும் ரொம்ப நாள் செல்லாது, அது ஒண்ணு. இன்னொண்ணு, ரெண்டு வருஷம்னா மனுசன் காலண்டர்ல எழுதிவச்சுட்டு மறந்துருவான். 47 நாள்னா நம்மளால ஆகாதுன்னு மெஷின்கிட்ட விட்டுருவான். அது தானா வாங்கி, தானா மாட்டிக்கும்."

காலண்டர் என்று சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மரியாதை தெரிந்த பெண்.

ஆறுதலுக்கு அவளே ஒரு கதை சொன்னாள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்து, எங்கள் பக்கம் தென்னைகள் சாய்ந்து, மின்கம்பங்கள் முறிந்து, செல்போன்கள் செத்துக் கிடந்தன. அதற்குப் புயல் என்ற நியாயமாவது இருந்தது. சரியாக 20 நாள் கழித்து, டிசம்பர் 6 அன்று, பிரிட்டனில் ஓ2 நிறுவனத்தின் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு இலைகூட அசையாமல் செல்போன் இணையம் படுத்துவிட்டது. எரிக்சன் மென்பொருளில் ஒரு சர்ட்டிபிகேட் காலாவதியாகியிருந்ததாம். 2020 பிப்ரவரி 3 அன்று மைக்ரோசாப்ட்டின் டீம்ஸும் இதே காரணத்தால் சில மணி நேரம் முடங்கியது. அவ்வளவு பெரிய கம்பெனிகளிலும் என் இலாகாக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதில் எனக்கு ஏற்பட்ட பூரிப்பைச் சொல்லி மாளாது.

பூரிப்பு மாடிப்படிவரை கேட்டுவிட்டது போலும். கீழேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "ஏங்க, அஞ்சு வருஷ இன்ஷூரன்ஸ்னு பெருமையா வண்டி எடுத்தீங்களே, அது எப்ப முடியுது?"

2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே எடுக்கவேண்டும். வசதிதான். ஆனால் அடிக்கடி வரும் கேஸ் சிலிண்டர் பதிவை நான் மறந்ததே இல்லை. மறந்தால் மறுநாளே காபி கிடையாது. ஐந்து வருடம் கழித்து முடிவதை எந்த மூளை சுமக்கும்?

"டப்பாவையெல்லாம் இறக்குனா தெரிஞ்சுரும்" என்றேன்.

அன்று மாலையே இலாகா பறிக்கப்பட்டது. தேதிகள் அனைத்தும் மருமகளின் போனுக்குக் குடிபோயின. யோசித்துப் பார்த்தால் அரசாங்கம் மனிதனிடம் ஆயுளை நறுக்கும் இந்த முறையை முன்பே கொண்டுவந்துவிட்டது. முப்பது வயதுக்குள் எடுத்த ஓட்டுநர் லைசென்ஸ் நாற்பது வயதுவரை செல்லும். ஐம்பத்தைந்தைத் தாண்டினால் ஐந்தே வருடம். பென்ஷன்காரர் உயிரோடிருப்பதற்கு ஒரு வருடம்தான் செல்லுபடி.

வீட்டில் எனக்கு இன்னும் குறைவு. கொத்தமல்லி வாங்கிவரச் சொன்னால் கடைவீதி முனைவரை செல்லுபடியாவேன். அங்கே போய்ச் சேர்வதற்குள் மருமகள் ஏற்பாடு செய்துவைத்த நினைவூட்டல் சட்டைப்பையில் மணியடிக்கும்: 'கொத்தமல்லி. புதினா இல்லை.'