தூண்டில் நுனி மெய்ப்பாட்டியல்: செசில் கடற்கரைக் குளிர்காலப் போட்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

1.0 ஆய்வின் தேவை

எவரும் தொடாத பொருளை எடுத்துக்கொள்வதே ஆய்வுக்கு அழகு என்பது வழிகாட்டிப் பேராசிரியர்களின் வாக்கு. எவரும் ஏன் தொடவில்லை என்று கேட்பது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. அவ்வகையில், இங்கிலாந்தின் தென்கரையில் டிசம்பர் மாதக் கடுங்குளிரில் உள்ளூர்த் தூண்டில்காரர்கள் தமக்குள் நடத்திக்கொள்ளும் நட்புப் போட்டி இவண் ஆராயப்படுகிறது. 'நட்பு' என்பது இக்கட்டுரையின் கருதுகோள் மட்டுமே. பரிசளிப்பு முடியும்வரை அதை நிரூபிக்கப்பட்டதாகக் கொள்ளற்க.

ஆய்வு எல்லை, டோர்செட் மாவட்டத்துச் செசில் கடற்கரை. நீளம் சுமார் 29 கிலோமீட்டர். ஆய்வு முறைகள், விளக்க முறை, ஒப்பீட்டு முறை, பகுப்பாய்வு முறை மற்றும் பக்கம் நிரம்பத் தேவைப்படும் பிற முறைகள். கள ஆய்வு காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு நடத்தப்பட்டது.

1.1 முன்னாய்வுகள்

ஆங்கிலத்தில் தூண்டில் பற்றி அச்சேறிய பழைய நூல் 1496இல் வந்தது. அதை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னிமடத் தலைவி என்பது மரபு. அப்படி ஒருவர் இருந்தாரா என்பதற்கே உறுதியான சான்று இல்லை. அதனால் மேற்கோள் காட்டப்படும் தகுதி அவருக்கு எள்ளளவும் குறையவில்லை. அடுத்தவர் ஐசக் வால்டன். அவருடைய நூல் 1653இல் 13 இயல்களோடு வந்து, 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் 21 இயல்களாக வளர்ந்தது. மீன் கூடியதாகத் தகவல் இல்லை. இரு நூல்களுமே ஆற்று மீனையும் குளத்து மீனையும் பேசுகின்றன. கடற்கரைப் போட்டிக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை என்பதால், இவை இத்துறையின் அடிப்படை நூல்களாகக் கொள்ளப்படுகின்றன.

2.0 நிலமும் பொழுதும்

திணை இலக்கணம் நெய்தலுக்கு மணலை விதித்திருக்கிறது. செசில் கரையில் இருப்பதோ கூழாங்கல். மேற்கே வெஸ்ட் பே பக்கம் பட்டாணி அளவில் தொடங்கி, கிழக்கே போர்ட்லண்டை நெருங்க நெருங்கக் கைமுட்டி அளவுக்குப் பருத்துவிடும். இருட்டில் கரையேறிய அந்தக் காலத்து மீனவர்கள் காலடியில் கிடக்கும் கல்லைத் தடவிப் பார்த்தே எந்த ஊர்க் கரை என்று சொல்லிவிடுவார்களாம். நம்மில் சிலர் கல்லைத் தடவிப் பார்த்தே நூற்றாண்டைச் சொல்லிவிடுவதால், இச்செய்தியை நம்புவதில் தடையேதும் இல்லை.

சிறுபொழுது எற்பாடு. அங்கே டிசம்பர்க் கடைசியில் மாலை நான்கு மணி சுமாருக்கே சூரியன் விழுந்துவிடும். இருட்டிய பிறகுதான் வைட்டிங் மீன் கரையை ஒட்டி இரை தேடி வரும் என்பதால், போட்டி எற்பாட்டில் தொடங்கி யாமத்தை நோக்கி நகரும். பெரும்பொழுது முன்பனி. உரிப்பொருள் இரங்கல், இது ஒன்றுக்குத்தான் சான்று தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

கரை நெடுக எண்ணிட்ட முளைகள் அடித்து, ஒரு பையில் எண்களைப் போட்டு, ஆளுக்கொன்றாக எடுக்கச் சொல்வார்கள். எந்த எண்ணோ அந்த முளைதான் அன்றைய இடம். உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் அதைக் குறிப்பிடாத ஆய்வேட்டை வாய்மொழித் தேர்வில் யாரும் மதிப்பதில்லை என்பதால் குறிப்பிடப்பட்டது.

3.0 கருவிகள்

கோல் 12 முதல் 14 அடி. முனையில் ஐந்தாறு அவுன்ஸ் ஈயக்குண்டு. கடலடியைப் பற்றிக்கொள்ள அதற்குக் கம்பிக்கால்கள் உண்டு. குண்டின் ஒவ்வொரு அவுன்ஸுக்கும் பத்து பவுண்டு தாங்கும் முன்நரம்பு, அதாவது தூண்டில் இழையின் தடித்த முன்பகுதி, கட்ட வேண்டும் என்பது விதி. ஆறு அவுன்ஸ் குண்டு என்றால் அறுபது பவுண்டு நரம்பு. மீறினால் வீசும்போது நரம்பு அறுந்து, குண்டு தனியே பறந்து பக்கத்திலிருக்கும் யாரையாவது தேடிப் போகும். இத்துறையில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரே உண்மை இதுதான். ஆகவே மேலாய்வுக்கு உதவாது.

இரை, லக் புழுவும் கணவாய்த் துண்டும். நாற்றம் பற்றி ஒன்பதாம் இயலில் காண்க. இவ்வாய்வேட்டில் ஒன்பதாம் இயல் இல்லை.

காற்று பற்றி: பியூஃபோர்ட் அளவையில் ஆறாம் எண் காற்றுக்குக் குடை பிடிப்பது கடினம் என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். போட்டி நடக்கும்.

4.0 நுனி மெய்ப்பாட்டியல்

இனி ஆய்வின் உயிர்நாடிக்கு வருவோம்.

தூண்டிலை வீசியபின் இவர்கள் கோலைக் கையில் பிடித்திருப்பதில்லை. முக்காலியில் சாய்த்துவிட்டுக் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்கிறார்கள். பிறகு வானத்தை நோக்கி நிற்கும் கோலின் நுனியை நெற்றி விளக்கின் ஒளியில் அண்ணாந்து பார்த்தபடி மணிக்கணக்கில் நிற்கிறார்கள். நுனி அசையும். அந்த அசைவுக்கு என்ன பொருள் என்பதே மூவாயிரமாண்டுப் பழமை வாய்ந்ததாக இருந்திருக்க வேண்டிய வினா.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். நுனியசைவும் எட்டே. (காண்க: போட்டி அட்டை, முன்பக்கம்.)

சின்ன வைட்டிங் இரையைக் கொத்தும்போது நுனி படபடவென்று குலுங்குவது நகை. கடற்பாசி வந்து நரம்பில் தொங்க, நுனி மெல்ல மெல்லத் தலைகவிழ்வது அழுகை. மீனென்று நினைத்து வெட்டி இழுக்க, நாலு முளை தள்ளி நிற்பவர் "ஐயா, அது என் நரம்பு!" என்று கத்துவது இளிவரல். (காண்க: மேற்படி அட்டை, பின்பக்கம், தேநீர்க் கறைக்கு இடப்புறம்.)

மருட்கை டாக்ஃபிஷ் எனும் குட்டிச் சுறாவுக்கு உரியது. நுனி பெரும்பாலும் அசையவே அசையாது. புழுவை மாற்றலாம் என்று சுற்றி இழுத்தால், மணல் தாளைப் போன்ற சொரசொரத் தோலோடு அது வந்து கிடக்கும். அசைவின்மையையும் அசைவின் ஒரு வகையாகக் கொள்ள வேண்டும் என்ற 'பூச்சிய அசைவுக் கோட்பாடு' இதிலிருந்தே பிறந்தது. (காண்க: மேற்படி கறை. இதைத் தேநீர்க் கறை என்பாரும் புழுச்சாற்றுக் கறை என்பாரும் உளர். முகர்ந்து பார்த்த மூன்றாமவர் கருத்துக்கு, கீழே அடிக்குறிப்பு 19. அடிக்குறிப்பு 19க்கு, மேலே.)

முக்காலியோடு சேர்ந்து கோலும் சாய்வது அச்சம். பெருமிதம் காட் மீனுக்கு மட்டுமே உரியது. பெரிய காட் இரையை விழுங்கி நகரும்போது ஈயக்குண்டின் கம்பிக்கால் கடலடியிலிருந்து பெயர்ந்துவிடும். இறுகி நின்ற நரம்பு சட்டெனத் தொய்ய, வளைந்திருந்த நுனி நிமிர்ந்து நிற்கும். எதுவும் இழுக்கவில்லை என்று தோன்றும் அந்த நொடியே பெரிய மீனின் அடையாளம். இக்காலத்தில் தென்கரையில் காட் அரிதாகிவிட்டபடியால், பெருமிதத்துக்கான எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஓய்வு பெற்ற உறுப்பினர்களின் பேச்சில்தான் கிடைக்கின்றன. ஒவ்வொரு ஆண்டும் அவை ஒரு பவுண்டு எடை கூடுகின்றன. (வாய்மொழி மரபு, அ பிரதி. அதே மரபு, ஆ பிரதி: சொன்னவரின் மனைவி மறுக்கிறார்.)

வெகுளியில்தான் பூசல். வெகுளிக்குத் தொல்காப்பியர் காட்டிய நான்கு காரணங்களில் ஒன்று 'அலை'. அலைத்துத் துன்புறுத்துவது என்று உரையாசிரியர்கள் பொருள் எழுதியது அவர்கள் செசில் கடற்கரைக்கு வராததால் நேர்ந்த பிழை. கடலலை என்றே கொள்ளல் வேண்டும். ஏனெனில் கரையில் மோதும் ஒவ்வொரு அலையும் நரம்பைத் தள்ளி நுனியை அசைக்கிறது; அதை மீனென்று நம்பியவனுக்கு வருவதே வெகுளி. இந்த ஒரு சொல்லை ஆதாரமாகக் கொண்டு எழுந்தவர்கள் அலைக்கொள்கையர். நுனியின் எந்த அசைவும் அலையே என்பது இவர்கள் துணிபு. இவர்களை மறுத்தவர்கள் மீன்கொள்கையர். இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்த எழுந்த மூன்றாம் கூட்டம், அலையால் அசைக்கப்பட்ட மீன் நுனியை அசைக்கிறது என்று கூறி இருவரிடமும் திட்டு வாங்கியது. (காண்க: முதற் கடல்கோளுக்கு முந்தைய போட்டி அட்டை, நான்காம் வரி, அழிந்தது. அவ்வரிக்குப் பக்கத்து முளைக்காரர் எழுதிய உரை, அதுவும் அழிந்தது. அவ்வுரையைக் கண்டித்து அவருக்கும் பக்கத்து முளைக்காரர் எழுதிய மறுப்பு மட்டும் முழுமையாகக் கிடைக்கிறது.)

எட்டாவது உவகை. பிளாஸ்க்கைத் திறக்கும்போது அது தோன்றும். அப்போது யாரும் நுனியைப் பார்ப்பதில்லை ஆதலால் ஆய்வுக்குள் அடங்காது.

எட்டையும் நான்கால் பெருக்க 32 ஆகும். ஏன் பெருக்க வேண்டும் என்பது தொல்காப்பியம் கற்றவர்க்குப் புரியும். கல்லாதவர்க்குச் சொல்லிப் பயனில்லை.

4.1 ஓர் ஐயம்

அறியாத சிறுவன் ஒருவன் இவ்விடத்தில் ஒரு கேள்வி கேட்கக்கூடும். அலையா மீனா என்று தெரிய வேண்டுமானால் ரீலைச் சுற்றிப் பார்த்தால் போதாதா? நூறு மீட்டர் நரம்பைச் சுற்ற ஓரிரு நிமிடம்தானே ஆகும்?

இந்தக் கேள்வியின் முதிர்ச்சியின்மையை விளக்குவது ஆய்வாளன் கடமை. முதலாவது, கையைப் பையிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டாவது, சுற்றி எடுத்தால் வெறும் கொக்கியில் விறைத்த விரல்களால் மறுபடி புழுக் கோக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியமானது. நரம்பு நீருக்குள் இருக்கும்வரை அதன் முனையில் எட்டு பவுண்டு காட் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரு கொள்கையரும் வாழலாம். கொக்கி கரைக்கு வந்துவிட்டால் ஒரு கொள்கை செத்துவிடும். ஒரு நூலின் பாடம் இதுவா அதுவா என்று ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்ட அறிஞர் பெருமக்கள், நூலகத்தில் இருக்கும் ஏட்டுச்சுவடியைப் போய்ப் புரட்டிப் பார்க்காததும் இதே நுண்ணுணர்வால்தான். நூலகம் காலை பத்து மணிக்குத் திறக்கிறது. அதுவும் அவர்களுக்குத் தெரியும்.

5.0 அளவையும் மதிப்பாய்வும்

முன்பெல்லாம் மீனைக் கொண்டுபோய்த் தராசில் நிறுத்தார்கள். இன்று பெரும்பாலான போட்டிகளில் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளவுப் பலகையில் கிடத்திச் சென்டிமீட்டரில் அளந்து, உடனே கடலில் விட்டுவிடுகிறார்கள். கொண்டுபோய்ச் சமைக்க வேண்டுமானால் வைட்டிங் 27 சென்டிமீட்டர், காட் 35, கடற்பாஸ் 42 இருந்தாக வேண்டும். அளந்ததை அட்டையில் எழுதிப் பக்கத்து முளைக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

பக்கத்து முளைக்காரர் யார்? போட்டியாளர். அவருக்கு மீன் விழவில்லை. காற்றில் கண்ணில் நீர் வழிகிறது. எதிரெதிரே நிற்கும் இருவரில் ஒருவர் நெற்றி விளக்கு மற்றவர் கண்ணைக் கூசச் செய்வதால், யார் யாரை மதிப்பிடுகிறார் என்று இருவருக்குமே தெரியாது. இருபக்க முகமறைவு மதிப்பாய்வு இத்தனை தூய வடிவில் வேறெங்கும் நடப்பதாகத் தெரியவில்லை. கட்டணம் வாங்கிய மூன்றாம் நாளே கட்டுரையைப் 'பன்னாட்டு' முத்திரையோடு வெளியிடும் ஆய்விதழ்கள் இங்கே ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தலாம். பங்கேற்புச் சான்றிதழ் வழங்கலாம்.

ஈரம் பட்ட அட்டையில் 31 சென்டிமீட்டர் 37 என்று படும். 37 என்பதே மூலபாடம் என்பார் மீன் பிடித்தவர். ஏழின் மேற்கோடு இடைச்செருகல் என்பார் பக்கத்து முளைக்காரர். மீன் கடலுக்குத் திரும்பிவிட்டபடியால் மூலச்சுவடியோடு ஒப்பிட வழியில்லை.

5.1 கடல்கோள்

செசில் சரிவான கரை. அலை உடைந்து திரும்பும்போது காலுக்குக் கீழே உள்ள கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அட்டை எம்மாத்திரம்? போட்டியில் தோற்றவர்களை விசாரித்தால், அவர்களுடைய மிகச் சிறந்த மதிப்பெண்கள் எல்லாம் அலையோடு போனவை என்பது புலனாகிறது. கிடைத்திருக்கும் அட்டைகளைவிடக் கிடைக்காத அட்டைகளே உயர்ந்தவை என்ற முடிவுக்கு வருவதில் தமிழாய்வுக்குப் பழக்கம் உண்டு.

6.0 முடிவுகள்

ஆய்வின் வழிப் பெறப்பட்ட முடிவு ஒன்றே. நான்கைந்து மணி நேரப் போட்டியில் யார் வெல்கிறார் என்று பார்த்தால், நுனியை ஆராய்ந்து நின்றவர் வெல்வதில்லை. நீரில் ஊறிய புழுவின் மணம் விரைவில் கரைந்துவிடும் என்பதால், நுனி அசைந்தாலும் அசையாவிட்டாலும் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றி இழுத்து, புதுப் புழுக் கோத்து மறுபடி வீசுகிற ஆள் வெல்கிறார். அவரிடம் கோட்பாடு கேட்டதற்கு வைட்டிங்கைக் காட்டினார். பரிசுப் பணம் ஆளுக்குச் சில பவுண்டு போட்டுச் சேர்த்தது. அது பப்பில் வழங்கப்பட்டு, வென்றவர் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்ததில் அங்கேயே கரைந்தது. நட்பு என்ற கருதுகோள் இரண்டாம் கோப்பையில் நிரூபிக்கப்பட்டது.

இங்கிலாந்தில் நன்னீரில் தூண்டில் போடத்தான் உரிமச் சீட்டு வேண்டும், கடலில் வேண்டியதில்லை. இக்கட்டுரையைப் படித்திருக்க வேண்டும் என்றும் விதி இல்லை. வருகிறவர்கள் கையுறையும் பிளாஸ்க்கும் கொண்டுவரவும்.