பிளம்பருக்கும் வீட்டிலிருந்தே வேலை

பெறுநர்: மத்திய உள்துறை அமைச்சகம், புது தில்லி.

பொருள்: கொரோனா ஊரடங்கில் வீடடங்கிய காலத்தில் வீடே பழுதானது தொடர்பாக.

பார்வை: பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன்கீழ் 24.03.2020 அன்று பிறப்பித்த ஆணை.

ஐயா,

பார்வையில் கண்ட ஆணை வங்கி, ரேஷன் கடை, பெட்ரோல் பங்க், பங்குச் சந்தை, தனியார் காவலாளி என்று விலக்குகளைப் பொறுப்பாக அடுக்கிவிட்டு, மற்ற நிறுவனங்கள் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கலாம் என்று பெருந்தன்மையோடு முடித்தது. பிளம்பரும் அந்த ‘மற்ற’வற்றில்தான் வருகிறார். யாருடைய வீட்டிலிருந்து என்று ஆணையில் இல்லை. அடுத்தவர் வீட்டிலிருந்து என்று பொருள்கொண்டு அவர் கிளம்பியிருந்தால், தெருமுனையில் லத்தி அதற்கு உரை எழுதியிருக்கும்.

மின்சாரமும் தண்ணீரும் அத்தியாவசியம் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அத்தியாவசியம் மீட்டர் பெட்டியோடும் சம்போடும் நின்றுவிட்டது. சம்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் உங்கள் கணக்கில் ஆடம்பரம். 20 விநாடி கை கழுவச் சொன்ன அரசுக்கு, அந்த 20 விநாடியும் ஒரு குழாயின் வாஷரை நம்பி இருக்கிறது என்பது தோன்றவில்லை. பகலெல்லாம் பூட்டிக்கிடந்த வீடுகளில் குடும்பம் முழுவதும் இருபத்துநாலு மணி நேரமும், அதுவும் கோடையில், அடைந்துகிடந்தது. ஃபேன் ஓய்வில்லாமல் சுற்றினால் கண்டன்சர் போகும், மோட்டாரை இரண்டு மடங்கு ஓட்டினால் காயில் கருகும். இதைக் கண்டறிய உயர்நிலைக் குழு தேவையில்லை.

இது தங்களுக்குத் தெரியாமலும் இல்லை. ஏப்ரல் 5-ஆம் தேதி இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கணைக்கச் சொன்னபோது, விளக்கை மட்டும் அணையுங்கள், ஃபேனும் பிரிட்ஜும் ஓடட்டும் என்று மின்துறை அமைச்சகம் பதறிக்கொண்டு விளக்கம் தந்தது. அப்படியும் மின்தேவை ஏறக்குறைய 32,000 மெகாவாட் சரிந்தது. தேசத்தின் மின்தொகுப்பையே தாங்கிப்பிடித்த அந்த ஃபேன் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது என்பதற்கு மட்டும் பதில் இல்லை. பிறகு ஏப்ரல் 15-ஆம் தேதி ஞானம் பிறந்தது: எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர் 20-ஆம் தேதி முதல் வேலைக்குப் போகலாம். 19-ஆம் தேதி, இணைய வணிகத்தில் அத்தியாவசியம் அல்லாத பொருள்களுக்குக் கொடுத்திருந்த அனுமதி ரத்து. 21-ஆம் தேதி, மின்விசிறிக் கடைகளும் மாணவர்களுக்கான பாடநூல் கடைகளும் திறக்கலாம். (இரண்டையும் ஒரே ஆணையில் சேர்த்தவர் வியர்த்துக்கொண்டே படித்த பிள்ளையாக இருக்க வேண்டும்.) அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு 24-ஆம் தேதிதான் அனுமதி. ஆக, முதலில் கைக்கு அனுமதி கிடைத்தது. அந்தக் கை மாட்டவேண்டிய வாஷர் பூட்டிய ஷட்டருக்குப் பின்னால் இருந்தது. தமிழ்நாடு இன்னும் ஒரு படி மேலே போய், 20-ஆம் தேதித் தளர்வுகளே வேண்டாம் என்று மே 3 வரை காத்திருந்தது.

வீடு வீடாகப் போகிறவர் கிருமியையும் கொண்டுபோவாரே என்பீர்கள். நியாயமான அச்சம்தான், முதல் வாரம் எல்லாரையும் அடைத்துவைத்ததை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் சிலிண்டர் கொண்டுவருகிறவர் முதல் நாளிலிருந்தே வீடு வீடாகப் போய்க்கொண்டுதான் இருந்தார். மொட்டைமாடித் தொட்டியில் வேலை பார்ப்பவரைவிட அவர் எந்த விதத்தில் பாதுகாப்பானவர்? ஒரு குடியிருப்பின் மோட்டாரைச் சரிசெய்ய ஓர் ஆள் முகக்கவசத்தோடு வந்து ஒரு மணி நேரத்தில் போய்விடுவார். அவர் வராவிட்டால் அத்தனை வீட்டுக் குடங்களும் தண்ணீர் லாரிக்கு முன்னால் கூடும். தனிமனித இடைவெளியை எதில் எதிர்பார்க்கிறீர்கள்?

வீடியோ பார்த்துத் தாங்களே செய்துகொள்ளலாமே என்றும் சொல்லப்பட்டது. வயரிங் வேலைக்குத் தேர்வு வைத்துத் தகுதிச் சான்று தருகிற நாட்டில், ஒரே நள்ளிரவில் எல்லாக் குடும்பத் தலைவர்களும் தேர்வெழுதாமலே தேறிவிட்டார்கள். வீடியோவில் பேசுபவருக்கு நம் வீட்டில் எர்த் இருக்கிறதா என்பது தெரியாது. பெரும்பாலும் வீட்டுக்காரருக்கும் தெரியாது.

அனுமதி கொடுத்தால் பொய் சொல்லித் திரிவார்கள் என்ற வாதத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. திருமணம் என்று சொல்லி ஊர் சுற்றுகிறார்கள் என்று 2021 மே மாதம் தமிழகத்தில் பயணத்துக்கான இ-பதிவிலிருந்து திருமணம் என்ற காரணத்தையே நீக்கினார்கள். எலக்ட்ரீஷியனுக்கும் பிளம்பருக்கும் இ-பதிவு, அதுவும் பெரும்பாலான மாவட்டங்களில் மட்டும், ஜூன் 7-இல்தான் கிடைத்தது. முதல் அலையில் கற்றது இரண்டாம் அலைக்குள் மறந்துவிட்டது. ஆகவே அடுத்த முறைக்கு இப்போதே எழுதிவைக்கச் சொல்கிறேன். வரைவையும் நானே தருகிறேன்: “மின்சாரம், குடிநீர், எரிவாயு ஆகிய சேவைகள் என்பவை வீட்டினுள் உள்ள கடைசி சுவிட்சு, கடைசிக் குழாய், கடைசி அடுப்பு வரையிலானவை, அவற்றைப் பழுதுபார்ப்போரும், அதற்கான சாமான் விற்கும் கடைகளும் முதல் நாளிலிருந்தே விலக்கு பெறுவர்.” ‘கடைகளும்’ என்ற சொல்லைத் தட்டச்சில் விட்டுவிட வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டிலேயே இருந்த ஒரு குடிமகன்