ரதத்துக்கு ஒரு சி.இ.ஓ.

போன வாரம் எங்கள் அடுக்குமாடியின் ஆண்டுக் கூட்டம். புதிய தலைவர் ஒரு பெரிய கம்பெனியின் உச்சியில் இருந்து ஓய்வு பெற்றவர். சுவரில் படம் போட்டுக் காட்டினார். அம்புக்குறிகள் எல்லாம் மேலே மேலே போயின. தீபாவளியிலிருந்து ஆறாம் மாடியில் நிற்கும் லிஃப்ட் மட்டும் எங்கும் போகவில்லை. குடியிருப்பவர்களை அவர் ஒரு தடவைகூடக் குடியிருப்பவர்கள் என்று சொல்லவில்லை, 'ஸ்டேக்ஹோல்டர்ஸ்' என்றார். அதையும் பொறுத்துக்கொண்டேன். பக்கத்து நாற்காலி நண்பர் என் தொடையைத் தட்டி, "பாத்தீங்களாண்ணே? இந்த மாதிரி ஆளக் கொண்டுபோய் மந்திரியா வெச்சா நாடு எங்கயோ போயிரும்" என்றார் பாருங்கள், அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்களும் சொல்லியிருப்பீர்கள். லெபோ குவீன் பக்கம் தே தாரேக்கை ஆற்றிக்கொண்டே, "அரசியல்வாதிங்க சரியில்ல, பிசினஸ் தெரிஞ்சவன் வரணும்" என்று சொல்லாத தமிழனை நான் இந்தப் பினாங்குத் தீவில் பார்த்ததில்லை. சொன்னவர்களில் பாதிப் பேர் அதே மாதம் தங்கள் முதலாளியைத் திட்டியவர்கள்.

நான் பழைய காலத்து ஆள். இருப்பதைக் கெடுக்காமல் இருந்தால் போதும் என்பதுதான் என் அரசியல். கம்பெனித் தலைவர்கள் தேர்தலுக்கு ஏன் சரிப்பட்டு வரமாட்டார்கள் என்பதற்கு என்னிடம் பலமான ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு வருமுன் ஒரே ஒரு உதாரணம்.

நம் தைப்பூச ரதத்தை ஒரு சி.இ.ஓ.விடம் கொடுத்துப் பாருங்கள். முதல் நாளே கடிகாரத்தைப் பார்ப்பார். லெபோ பினாங்கு கோவில் வீட்டிலிருந்து விடியலில் புறப்படும் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போய்ச் சேர ஏன் இரவாகிறது? மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம்தானே? காரணம் கண்டுபிடிக்க ஆலோசகர்கள் வருவார்கள். ரதத்தை இழுக்கும் மாடுகளைப் பேட்டி காண்பார்கள். ரதம் வாசலுக்கு வாசல் நிற்கிறது, தட்டு வாங்குகிறது, தீபாராதனை காட்டுகிறது என்று அறிக்கை வரும். இதற்கு அவர்கள் அகராதியில் 'டவுன்டைம்' என்று பெயர்.

அடுத்தது தேங்காய். சாலையோரம் மலை மலையாகக் குவித்து வைத்து, நம்மவர்களும் சீனர்களும் போட்டி போட்டு உடைப்பார்கள். பின்னாலேயே லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். சி.இ.ஓ.வுக்கு நெஞ்சு வலிக்கும். ஒரு தேங்காய்க்கு எவ்வளவு வரம் திரும்பி வருகிறது என்று கேட்பார். நூறு தேங்காய் வேண்டிக்கொண்டவருக்குப் பத்து தேங்காயோடு 'பிரீமியம்' தொகுப்பு ஒன்று கொடுப்பார். மீதி தொண்ணூறைக் கைத்தொலைபேசியிலேயே உடைத்துக்கொள்ளலாம், சத்தம்கூட வரும். தண்ணீர்ப் பந்தல்களை மூன்றாகக் குறைப்பார். ஒரு பந்தலில் மோர், ஒன்றில் சோறு, ஒன்றில் பாட்டு. ஒவ்வொன்றிலும் வரிசை எண் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். மலைக்கு ஐந்நூற்றுச் சொச்சம் படி எதற்கு, முந்நூறில் முடித்தால் பக்தரின் உற்பத்தித் திறன் கூடுமே என்பார். வள்ளி, தெய்வானை இருவரின் பொறுப்புகளும் ஒன்றுபோல் இருக்கின்றனவே என்று மனிதவளப் பிரிவு குறிப்பு எழுதும்.

2017-இல் இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதம் வேறு வந்து சேர்ந்ததா, அதைப் பார்த்ததும் அவர் கண் பளபளக்கும். ஒரே முருகன், கிட்டத்தட்ட ஒரே வழி, இரண்டு ரதம். உடனே இணைத்துவிடு என்பார். இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொள்கிறேன். நான் இதே ஊரில்தான் இன்னும் கொஞ்ச காலம் நடமாட வேண்டியவன்.

மூன்று வருடம் கழித்து ரதம் பகல் பன்னிரண்டுக்கே போய்ச் சேர்ந்துவிடும். பார்க்கத்தான் ஆள் இருக்காது. அவர் போனஸ் வாங்கிக்கொண்டு பத்துமலைக்கு மாறிப் போயிருப்பார்.

எங்கே விட்டேன்? ஆம், பினாங்கு. இந்தத் தீவுக்குத் தொழிற்சாலைகளைக் கொண்டு வந்தவர் எந்தக் கம்பெனித் தலைவரும் இல்லை. டாக்டர் லிம் சொங் இயூ, நாடி பிடித்துப் பார்த்தவர். 1969-இல் முதலமைச்சரானார். 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வணிக வளாகத்தைத் திறந்து இன்டெல் போன்றவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். 1985-இல் பாலம் வந்தது. இத்தனையும் செய்தவரை 1990-இல் பாடாங் கோத்தா தொகுதியில் லிம் கிட் சியாங்கிடம் தோற்க வைத்து வீட்டுக்கு அனுப்பினோம். லாபம் காட்டியவரை இப்படி அனுப்ப எந்தக் கம்பெனியிலும் முடியாது. அவருக்குப் பின் வந்தவர் இயற்பியல் படித்தவர், அதற்குப் பின் கணக்காளர். ஊர் மூழ்கிவிடவில்லை, மழை பெய்தால் மட்டும் கொஞ்சம் மூழ்கும்.

நம் மலேசியாவில் நிர்வாகிகளுக்குத் தனி வாசல் உண்டு. மந்திரியாக வேண்டுமானால் ஏதாவது ஓர் அவையில் உறுப்பினராக இருக்க வேண்டும். மேலவையின் 70 பேரில் 44 பேரை மாமன்னர் நியமிக்கிறார். அப்படித்தான் 2009-இல் மாஸ் விமான நிறுவனத்திலிருந்து இட்ரிஸ் ஜாலா வந்தார். 2013-இல் மேபேங்கிலிருந்து வாஹிட் ஓமார், 2020-இல் சி.ஐ.எம்.பி. வங்கியிலிருந்து நிதியமைச்சராக தெங்கு சஃப்ருல். கெட்டிக்காரர்கள், மறுக்கவில்லை. யார் வீட்டுக் கதவையும் தட்டாமல் வந்தார்கள் என்பதுதான் என் எரிச்சல். சஃப்ருல் ஒருவர்தான் துணிந்து 2022-இல் கோல சிலாங்கூரில் வெயிலில் இறங்கினார். ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் சுல்கிஃப்ளி அஹ்மாட்டிடம் தோற்றார். அடுத்த மாதமே அதே பழைய வாசல் வழியாக மறுபடி மந்திரி. 2025-இல் அம்னோ கட்சியையும் விட்டுக் கெஅடிலான் கட்சிப் பக்கம் திரும்பினார். கம்பெனிக்காரர்கள் இதை 'அனுபவம்' என்று சுயவிவரத்தில் போட்டுக்கொள்வார்கள்.

இந்தியாவிலும் இதே கதைதான். இன்ஃபோசிஸ் நந்தன் நிலேகனி ஆதார் மூலம் ஒரு தேசத்துக்கே எண் கொடுத்தவர். 2014-இல் பெங்களூரு தெற்கில் நின்றபோது, தன் பெயருக்கு எதிரே வேண்டிய எண்ணைக் கூட்ட முடியவில்லை. இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் போனார். அமெரிக்காவில் விவேக் ராமசாமி, மருந்துக் கம்பெனி கண்டவர், தமிழ் பேசும் குடும்பம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் "நம்ம ஆளு" என்று 2023 முழுக்க ஒரே கொண்டாட்டம். 2024 ஜனவரியில் ஐயோவாவில் முதல் வாக்கெடுப்பு முடிந்த இரவே விலகினார். குழுவில் ஒருவரும் அதைப் போடவில்லை. இப்போது ஒஹாயோ ஆளுநர் பதவி என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் சொன்ன அந்தப் பலமான காரணம் இதுதான். எங்கள் பக்கத்தில் ஒரு சாவு என்றால், சட்டமன்ற உறுப்பினர் வருவார். நாங்கள் திட்டிக்கொண்டே ஓட்டுப் போட்ட மனுஷன்தான். ஆனாலும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிப்போன கோப்பியைக் குடித்து, பத்து லஞ்சாங் மயானம் வரை வந்து நிற்பார். கால்வாய் அடைத்துக்கொண்டால் நடுராத்திரியில் அவர் போனுக்கே அடித்துக் கத்தலாம். எடுப்பார், அல்லது எடுக்காததற்கு மறுநாள் பொய் சொல்வார். அந்தப் பொய்யும் நேரில் வந்து சொல்வதுதான்.

அடுத்த மாநிலத் தேர்தலில் எந்தத் தலைமை நிர்வாகியாவது எங்கள் தொகுதிக்கு வந்தால், இதைத்தான் பார்ப்பேன். அவர் சார்பில் பி.ஏ. மலர் வளையத்தோடு வந்து நின்றால், என் ஓட்டு அந்தப் பி.ஏ.வுக்கு.