எவரெஸ்ட்டில் பட்டா இல்லாத குடித்தனக்காரர்

எவரெஸ்ட் எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டால் நேபாளம், திபெத் என்று அவசரப்படாதீர்கள். குத்தம்பாக்கத்தில் பஸ் ஏறிப் பூந்தமல்லியில் இறங்கி, மவுண்ட்-பூந்தமல்லி ரோட்டைக் கடைசிவரை பிடியுங்கள். வருவது பரங்கிமலை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் இங்கேதான் சங்கிலியை இழுத்துப் போட்டு இந்தியாவை அளக்க ஆரம்பித்தார். அந்த அளவை தலைமுறை தாண்டி வடக்கே ஊர்ந்து போய் இமயமலையில் முட்டியது. அளவைத் துறையின் ராதாநாத் சிக்தார் அங்கிருந்த ஒரு சிகரத்துக்குக் கணக்குப் போட்டார். உயரம் 29,002 அடி. உண்மையில் 29,000 என்றுதான் வந்ததாம். ரவுண்டாகச் சொன்னால் குத்துமதிப்பு என்று ஊர் சிரிக்குமே என்று 2 அடியைச் சேர்த்துவிட்டார்கள் என்றொரு கதை உண்டு.

சரி, பேர் கணக்குப் போட்டவருக்குத்தானே? ஜோக் அடிக்காதீர்கள். 1843-லேயே ரிட்டையர் ஆகிவிட்ட அளவைத் துறைத் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட்டுக்கு. என் பேர் அந்த ஊர்க்காரர்கள் வாயில் நுழையாதே என்று மனுஷர் தயங்கத்தான் செய்தார். பெரிய மனிதர்கள் மரியாதை செய்யக் கிளம்பிவிட்டால், மரியாதைக்குரியவர் பேச்சு எடுபடுமா?

பேர் வைத்தாயிற்று, ஏறி நிற்க வேண்டாமா? 1924-ல் பிரிட்டிஷ் படை கிளம்பியது. மூட்டையில் ஷாம்பெயின் பாட்டில்கள், டப்பாவில் அடைத்த காடைக் கறி. தலைவர் ஜெனரல் புரூஸ், பயணத்துக்கு முன்னால் சும்மா இருக்க மாட்டாமல் புலி வேட்டைக்குப் போனார். புலி அவரை ஒன்றும் செய்யவில்லை. மலேரியா படுக்க வைத்துவிட்டது. உலகத்தின் உச்சிக்குப் புறப்பட்ட ஜெனரலை ஒரு கொசு கேங்டாக்குக்குத் திருப்பி அனுப்பியது!

அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் படையின் டாக்டர், மேஜர் ஹிங்ஸ்டன். நம் கதாநாயகர். அவருக்கு இரண்டு வேலைகள். ஒன்று, உயரம் ஏற ஏற மூளை ஓடுகிறதா என்று பார்க்க மலையேறிகளுக்குக் கணக்குப் பரீட்சை வைப்பது. உதடு வெடித்து, மூச்சு முட்டி, பிறந்ததே தப்பு என்று உட்கார்ந்திருப்பவனிடம் போய்க் கணக்கு! அவரை யாரும் பள்ளத்தில் தள்ளிவிடவில்லை என்பதே பிரிட்டிஷ் நாகரிகத்துக்கு நல்ல சர்டிபிகேட்.

இன்னொரு வேலை, கல்லைப் புரட்டுவது. மனுஷருக்குப் பூச்சிப் பைத்தியம். 22,000 அடியில், புல் பூண்டு எதுவும் இல்லாத இடத்தில், கல்லுக்கடியில் குட்டியாக, கறுப்பாக ஒரு சிலந்தி. குதிக்கும் ஜாதி. உங்கள் வீட்டு டியூப்லைட் பக்கத்தில் ஈக்குக் குறிவைத்து உட்கார்ந்து, நீங்கள் கிட்டப் போனால் திரும்பி முறைக்குமே, அதன் ஒன்றுவிட்ட பங்காளி. ஷாம்பெயின் கிடையாது, ஷெர்பா கிடையாது. குடும்பமாகக் குடியிருக்கிறது!

ஹிங்ஸ்டனுக்கு ஒரே கேள்வி: இது என்னத்தைத் தின்று உயிர் வாழ்கிறது? சுற்றுமுற்றும் பார்த்தார், வேறு எந்த ஜீவனும் கண்ணில் படவில்லை. அப்படியானால் ஒன்றை ஒன்று தின்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். அடுத்த தலைமுறைக்கு யார் மிஞ்சுவார் என்ற கணக்கை மட்டும் அவர் போடவில்லை. பரீட்சை மற்றவர்களுக்குத்தானே.

அந்த ஜூன் 4-ம் தேதி, படையில் ஒருவரான நார்ட்டன் ஆக்சிஜன் இல்லாமலே 28,126 அடி வரை ஏறினார். இறங்கியபோது பனி கண்ணைக் கெடுத்துவிட, அவரைக் கைபிடித்துக் கீழே கொண்டுவந்ததும் இதே ஹிங்ஸ்டன்தான். 8-ம் தேதி உச்சியை நோக்கிப் போன அவர் தோழர்கள் மல்லோரியும் இர்வினும் திரும்பவே இல்லை. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

சிலந்தியின் சாப்பாட்டு ரகசியத்தை உடைத்தவர் டார்ஜீலிங்கில் பிறந்த அமெரிக்கர் லாரன்ஸ் ஸ்வான், 1954-ல் மகாலு மலைப்பக்கம் போனபோது. விஷயம் ரொம்ப சிம்பிள். காற்று. கீழேயிருந்து மகரந்தம், சருகுத் தூள், செத்த பூச்சி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய் ஸ்விக்கி மாதிரி மேலே போடுகிறது. அதைக் கடுகைவிடச் சின்னப் பூச்சிகள் தின்கின்றன, அவற்றைச் சிலந்தி தின்கிறது. வெயிலில் கல் சூடேறியதும் வேட்டை, சாய்ந்ததும் தூக்கம். அரசாங்க உத்தியோகம் தோற்றது!

இந்த வெயில்தான் விசேஷம். அதே குளிர்தானே என்று வடதுருவத்துப் பக்கம் போனால், குதிக்கும் ஜாதி அபூர்வம். அங்கே ராஜ்ஜியம் வேறு: தாள்போல வலை விரிக்கும் பொடிச் சிலந்திகள். வடக்கே போகப் போகச் சிலந்தி வகைகள் குறையும், இவற்றின் பங்கு கூடும். நூலை விட்டுக் காற்றில் மிதந்தே ஊர் மாறும், டிக்கெட் செலவில்லை. கிரீன்லாந்தில் ஓநாய்ச் சிலந்தி என்று ஒரு அம்மணி, முட்டைப்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிபவர். பூமி சூடாகிறது என்று நாமெல்லாம் மாநாடு போடுகிறோம். அவர் ஒரே கோடையில் இரண்டாவது பிரசவத்தை முடித்துவிடுகிறார்.

வடக்கு என்றதும் ஸ்வீடன் பெரியவர் லின்னேயஸ் ஞாபகம் வருகிறார். கடவுள் படைத்தார், நான் அடுக்கினேன் என்கிற ரேஞ்சில் வாழ்ந்தவர். விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்கெல்லாம் அவருடைய 1758 புத்தகம்தான் தொடக்கம். சிலந்திகளுக்கு மட்டும் இல்லை! ஸ்டாக்ஹோம் நகர நிர்வாகத்தில் வேலை பார்த்த கிளார்க் என்பவர் 1757-லேயே படம் போட்டு ஸ்வீடன் சிலந்திகளுக்குப் பெயர் வைத்துப் புத்தகம் போட்டுவிட்டார். பிற்காலத்து விதிக்குழு அதைத் தனிச் சலுகையாக ஏற்றுக்கொண்டது. அண்டத்தை அடுக்கியவர் எட்டுக்கால் டிபார்ட்மென்ட்டில் செகண்ட்.

எவரெஸ்ட் சிலந்திக்குப் பெயர் கிடைத்தது 1975-ல். வான்லெஸ் என்பவர் ‘யூஃப்ரிஸ் ஆம்னிசூப்பர்ஸ்டெஸ்’ என்று வைத்தார். தன் பேரே வாயில் நுழையாது என்று ஜார்ஜ் எவரெஸ்ட் கவலைப்பட்டாரே, அந்த ஊரில்!

ஆனால் பத்திரிகைகளின் கண் சிலந்தியின் மேலா இருந்தது? 1960-ல் எட்மண்ட் ஹிலாரி தலைமையில் பெரும் செலவில் ஒரு படை அதே இமயமலைக்குப் போனது, எட்டி என்கிற பனி மனிதனைத் தேட. அந்தக் கூட்டத்திலும் ஸ்வான் இருந்தார். எட்டியின் தலைத்தோல் என்று கும்ஜுங் கிராமத்து மடத்திலிருந்த பொருளை வாங்கி, ஊர்ப் பெரியவர் ஒருவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, சிகாகோ, பாரிஸ், லண்டன் என்று விமானத்தில் சுற்றினார்கள். நிபுணர்கள் பார்த்துச் சொன்னார்கள்: மலையாட்டுத் தோல்.