ஹெரால்டும் அம்பாசிடரும்: பின்சீட்டு நோக்கில் ஓர் ஒப்பாய்வு

பழைய கார்களை ஒப்பிடும் அறிஞர்கள் குதிரைத்திறன், மைலேஜ் என்று என்ஜின் பக்கமே வலம் வருகிறார்கள். பின்சீட்டில் இருப்பவர் எப்படி இறங்குவார் என்ற அடிப்படைக் கேள்வியை ஒருவரும் தொட்டதில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்கவே இவ்வாய்வு. எடுத்துக்கொண்டவை: சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாசிடர்.

முதலில் குலமுறை. 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு பிறந்தது. வரைந்தவர் ஜியோவானி மிகெலோட்டி என்ற இத்தாலியர். கூபேயும் சலூனும் உடன்பிறப்புகள். இரண்டுக்கும் கதவு இரண்டே. இதன் சேசிஸைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆக, 1960களில் சென்னை கண்ட இருகதவு ஹெரால்டு பெயரளவில் சலூன், சுபாவத்தில் கூபே. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மெக்கானிக் தூக்கினால் பானெட், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கமாக முதலை வாய் போலப் பிளக்கும்; அவர் முன்டயர் மேலேயே சௌகரியமாக உட்கார்ந்து வேலை பார்ப்பார். அம்பாசிடர்? மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு. 2014 வரை பெரிய மாற்றம் எதற்கும் இடம்கொடாமல் உற்பத்தியில் இருந்த நாற்கதவுக் குடும்பஸ்தர். இதற்குமேல் அவரைப் பற்றி அறியாதவர் இந்நாட்டில் இல்லை.

இனி ஆய்வின் மையம். பழைய அம்பாசிடரில் கியர் ஸ்டீயரிங்குக்கு அடியில் இருந்தது; முன்சீட்டும் ஒரே நீளப் பலகை. எனவே முன்னால் மூன்று பேர், பின்னால் நான்கு பேர்; மடியில் இருப்போர் கணக்கில் வாரார். டிரைவர் மட்டும் கதவோடு ஒட்டி, ஒரு தோளை வெளியே வைத்துக்கொண்டு ஓட்டுவார். ஆயினும் யார் இறங்கினாலும் யாருடைய கௌரவத்துக்கும் பங்கமில்லை. ஓரத்தில் இருப்பவர் நகர்ந்தால் போதும்.

ஹெரால்டில் அப்படியன்று. மரியாதைக்குரியவர் என்று மாப்பிள்ளையை முன்சீட்டில் உட்கார வைப்பார்கள். கல்யாண மண்டபம் வந்ததும் பின்னாலிருந்து குரல் வரும்: "மாப்ளே, தப்பா நினைச்சுக்காதீங்க, கொஞ்சம் எறங்குங்க. பெரியம்மா எறங்கணும்." மாப்பிள்ளை இறங்குவார். சீட்டை முன்னால் மடக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். முதலில் வெற்றிலைச் செல்லம் வெளிவரும், அடுத்து ஒரு கால், பிறகு நெடிய இடைவெளி. பட்டுப்புடவைக் கரை சீட்டுக் கம்பியில் மாட்டியிருக்கும். அதை விடுவிப்பவரும் மாப்பிள்ளையே. எந்தச் சீர்திருத்த இயக்கமும் சாதிக்காததை இரண்டு கதவு சாதித்தது என்பேன்.

பின்சக்கர ஸ்விங் ஆக்சில் பற்றியும் சொல்ல வேண்டும். வளைவில் வேகமாகத் திருப்பினால் சக்கரம் உள்பக்கம் மடங்கும் என்பது அதன் மேல் உள்ள புகார். பெரியம்மா பின்னால் இருக்கும்போது வேகமாகத் திருப்பும் துணிவு எவருக்கும் இராது என்பதால் இதைத் தள்ளுபடி செய்கிறேன்.

முடிவான சான்று வரலாற்றிலேயே உள்ளது. நான்கு கதவு வைத்த ஹெரால்டை இங்கிலாந்து விற்றதே இல்லை. 1960களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கென்றே அதைச் செய்தது சென்னைத் தொழிற்சாலை. மிகெலோட்டியின் கோட்டைத் திருத்தியது எந்தப் பொறியாளர் என்று தேடுவது வீண். பெரியம்மாக்களைக் கேட்டால் தெரியும். கூடவே ஐந்து கதவு எஸ்டேட்டும் வந்தது. அந்த ஐந்தாவது கதவு யார் இறங்குவதற்கு என்பதில் ஆய்வுலகம் பிளவுபட்டிருக்கிறது. பலாப்பழம் என்பது என் கட்சி.